முப்போட்டி நீச்சல்: கிணற்றில் பழகியவர்களுக்கு

டிரையத்லான் எனப்படும் முப்போட்டி, நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இடைவெளியின்றி முடிக்கும் விளையாட்டாகும். ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக 2000ஆம் ஆண்டு சிட்னியில் இடம்பெற்றது. ஒலிம்பிக் தூரம் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம். குறுந்தூரப் போட்டியில் இவை பாதியாக, 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. என அமையும். பெரியவர்களான பின் இதில் இறங்கும் பலரைத் தயங்க வைப்பது நீச்சலே. கிணற்றில் நீந்தப் பழகியவர்கள் அதை நெடுந்தூர நீச்சலாக மாற்றிக்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கரிசல் நிலத்து நீச்சல்

கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி நெடுஞ்சாலையில் உள்ள இடைசெவல் போன்ற கரிசல் ஊர்களுக்கு அருகில் வற்றாத ஆறு இல்லை. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் கண்மாய்களும் கிணறுகளும் நிறையும், கோடையில் வற்றிவிடும். ஆகவே இங்கு நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சிறுவர்கள் பழகுவது வழக்கம்.

இப்பழக்கம் தரும் பெரும் நன்மை, ஆழத்தைக் கண்டு அஞ்சாமை. ஆனால் கிணற்றின் அகலம் சில மீட்டர்களே. நாலைந்து கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். தலையைத் தூக்கியபடி மூச்சை அடக்கியே அத்தூரத்தைக் கடந்துவிடலாம். அதே முறையில் 750 மீட்டர் நீந்த முயல்பவர் விரைவிலேயே திணறுவார். இத்திணறலுக்குப் பெரும்பாலும் காரணம் வயதோ வலிமைக் குறைவோ அன்று, நீந்தும் முறையே.

மூச்சு

மூச்சை அடக்கும்போது முதலில் தவிப்பை உண்டாக்குவது இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு ஆகும். எனவே முகம் நீருக்குள் இருக்கும்போதே மூக்கின் வழியாகக் காற்றைச் சீராக வெளியிட வேண்டும். முகம் பக்கவாட்டில் திரும்பும் சிறு நேரத்தில் உள்ளிழுப்பது மட்டுமே மீதமிருக்க வேண்டும்.

மார்பளவு நீரில் நின்று, முகத்தை அமிழ்த்திக் குமிழி விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சிழுக்கலாம். இதை நிறுத்தாமல் 20 முறை செய்ய வேண்டும். இது இயல்பாகும்வரை தூரத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

உடல் நிலை

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. எனவே வேகமாகக் கை வீசுவதைவிட, நீரின் தடையைக் குறைப்பதே அதிகப் பயன் தரும். தலையைத் தூக்கினால், தராசின் ஒரு தட்டு ஏற மறுதட்டு இறங்குவதுபோல, இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடும். பார்வை நீரின் அடித்தரையை நோக்கியிருந்தால் உடல் கிடைமட்டமாக நிற்கும். குளத்தின் சுவரை உதைத்து, இரு கைகளையும் முன்னால் நீட்டி, அசையாமல் மிதந்து செல்வது இதற்கு நல்ல பயிற்சி.

கையும் காலும்

நீருக்குள் முழங்கையைத் தாழவிடாமல், உள்ளங்கையாலும் முன்கையாலும் நீரைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். 25 மீட்டருக்கு எத்தனை கை போடுகிறோம் என்று எண்ணிவந்தால் முன்னேற்றம் தெரியும். கால்களை இடுப்பிலிருந்து மெதுவாக அசைத்தால் போதும். அடுத்து மிதிவண்டியும் ஓட்டமும் காத்திருக்கின்றன.

தொடக்கத்தில் 25 மீட்டரை எட்டு முறை நீந்தலாம். ஒவ்வொரு முறையும் மூச்சு அடங்கிய பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். பின்னர் 50, 100 மீட்டர் எனக் கூட்டலாம்.

திறந்த நீரில்

கடலிலும் ஏரியிலும் வழிகாட்டும் கோடு இல்லை. சில கைவீச்சுக்கு ஒருமுறை, முதலையைப்போலக் கண்ணை மட்டும் நீருக்குமேல் உயர்த்தி இலக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதக்கலாம். முப்போட்டியில் எந்த வகை நீச்சலையும் பயன்படுத்தலாம். முன்னேறிச் செல்லாமல், நிற்கும் படகைப் பிடித்து இளைப்பாறவும் விதி இடமளிக்கிறது. இதை முன்பே அறிந்திருப்பது பாதி அச்சத்தைப் போக்கும்.

பாதுகாப்பு

கிணற்றில் பழகிய துணிவே சில வேளைகளில் ஆபத்தாகிறது. மழைக்குப் பின் கண்மாய் நீர் கலங்கி ஆழம் தெரியாது. அடியிலுள்ள கரம்பைச் சேற்றில் கால் புதையும். கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் ஏறிவரப் படி இராது. இத்தகைய இடங்களில் பயிற்சி செய்யக் கூடாது. வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு முங்குநீச்சல் அடிப்பது நீருக்குள்ளேயே மயக்கத்தை உண்டாக்கலாம்.

வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்து திரும்பியவர். அவரே 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். எவ்வளவு தேர்ந்தவரானாலும் நீரில் ஆபத்து உண்டு. ஆகவே நிற்கும் ஆழமுள்ள நீச்சல் குளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் தொடங்க வேண்டும்; திறந்த நீரில் இறங்கும்போது இடுப்பில் மிதவையும் அருகில் துணையும் இருக்க வேண்டும். சுரைக்குடுக்கையும் கயிறு பிடித்த பெரியவரும் செய்த வேலையை, வளர்ந்த பின்னும் வேறு யாரேனும் செய்தாக வேண்டும்.