புளியமரத்துக்கு பேக்கப் இருக்கா?

தேனிப் பக்கம் ரோட்டோரப் புளியமரங்களைப் பார்த்திருப்பீங்க. அடிமரத்துல பெயின்ட்ல ஒரு நம்பர் இருக்கும். மகசூலை ஏலம் விடவும் கணக்கு வைக்கவும் அந்த நம்பர் போதும். ஆனா அந்த மரத்தோட மரபணு எங்கயும் பதிவாகியிருக்காது. ரோடு அகலப்படுத்தும்போது மரத்தை வெட்டினா உண்மையில எது போகுது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

புளியம்பூவுக்கு மகரந்தம் பெரும்பாலும் வேற மரத்துலேருந்து பூச்சிகள் மூலமா வருது. அதனால ஒவ்வொரு விதையும் புதுக் கலவை. ஒரே மரத்துப் புளியங்கொட்டை பத்தைப் போட்டா, பத்து மரமும் பத்து விதமா வரலாம். சதைப்பற்று, புளிப்பு, நிறம், காய்ப்பு எல்லாமே மாறும். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, விதை காப்பி இல்லை, ஃபோர்க். அதே மரம் வேணும்னா, அதோட கிளையை எடுத்து இன்னொரு கன்னு மேல ஒட்டுக் கட்டணும்.

இதுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 புளி, பக்கத்து எண்டப்புளி ஊர் நாட்டு ரகத்துலேருந்து தேர்ந்தெடுத்து ஒட்டுக் கட்டிப் பெருக்கினது. அந்த மூல மரத்தை யாராவது முன்னாடியே விறகாக்கியிருந்தா, இந்த ரகமே வந்திருக்காது.

ஆனா இதுல ஒரு சிக்கலும் இருக்கு. எல்லாரும் ஒரே ஒட்டு ரகத்தை நட்டா, ஆயிரம் மரம் இருந்தாலும் மரபணு ஒண்ணுதான். அதுக்கு ஒரு நோய் வந்தா எல்லாத்துக்கும் வரும். இத்தாலியில புலியா பகுதி ஆலிவ் மரங்களுக்கு அதுதான் நடந்துச்சு. 2013-ல அங்க சைலெல்லா பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் லட்சக்கணக்கான மரங்கள் காஞ்சு போச்சு. அந்தப் பகுதியில அதிகமா இருந்த ரகங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. லெச்சினோ மாதிரி சில ரகங்கள்தான் தாக்குப்பிடிக்குது. இன்னொரு பக்கம், ஸ்பெயின்ல நூற்றாண்டு கடந்த ஆலிவ் மரங்களோட டிஎன்ஏவைப் பரிசோதிச்சப்போ, பல மரங்கள் இன்னைக்குப் பயிரிடுற ரகங்களோட பொருந்தவே இல்லை. எந்த நர்சரியிலும் இல்லாத மரபணுவை ஒரு கிழட்டு மரம் வச்சிருக்கு!

இப்போ நம்ம ரோட்டுக்கு வருவோம். ஒரு மரம் வெட்டினா பத்துக் கன்னு நடுவோம்னு சொல்றாங்க. நிழலுக்கு அது ஓரளவு சரி, வளர வருஷக்கணக்காகும். ஆனா பத்தும் நர்சரியில வாங்கின ஒரே ரகம்னா, எண்ணிக்கை கூடும், வகை குறையும். விதையைச் சேமிச்சாலும் பாதி வேலைதான். புளியங்கொட்டை காய வச்சா நல்லாத் தாங்கும். ஆனா அதுல தாய்மரத்தோட பாதிதான் இருக்கு.

முழுசா காப்பாத்த வழி இருக்கு. கர்நாடகாவுல தேவனஹள்ளி பக்கத்து நல்லூர் புளியந்தோப்பை 2007-ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. நாட்டுலயே முதல் தலம் அதுதான். ரோட்டு மரங்களுக்கு அது முடியாது. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒட்டுக் குச்சி எடுத்து, ஒரு தோட்டத்துல மரத்துக்கு ரெண்டு கன்னுன்னு வளர்க்கலாம். பேக்கப்புன்னா அதுதான்.

உங்க ஊராட்சியில பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும்னு 2002 சட்டம் சொல்லுது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கிறதும் அவங்க வேலைதான். எந்தப் புளி இனிக்கும், எது செம்புளி, எது வருஷம் தவறாமக் காய்க்கும்னு ஊர்ப் பெரியவங்களுக்குத் தெரியும். கேட்டு அதுல எழுத வைங்க. எந்தக் கிளையை எடுக்கணும்னு முடிவு பண்ண அந்தத் தகவல்தான் உதவும்.