கழுதையும் அல்ல, புலியும் அல்ல!

கழுதைப்புலி என்ற பெயரைக் கேட்டவுடன் உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது? பாதி கழுதை, பாதி புலி என்று ஒரு விசித்திரப் பிராணியா? நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்தது. 1994-ல் வெளிவந்த ‘த லயன் கிங்’ கார்ட்டூன் படத்தில் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு சிங்கக் குட்டியைத் துரத்துமே, அதுதான் கழுதைப்புலி என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. நம் முன்னோர்கள் தமிழ்நாட்டில் பார்த்தது வேறு. அதன் உடம்பில் புள்ளி இல்லை, வரி உண்டு. அது அப்படிச் சிரிப்பதும் இல்லை.

ரஜூலா கப்பலில் ஏறி வந்த நம் பாட்டன் பாட்டிமார் மாரியம்மனையும் மதுரைவீரனையும் கூடவே கொண்டுவந்தார்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் இந்த மண்ணில் வேர்விட்டன. ஊர்க் காட்டில் இரவில் உலாவிய வரிக் கழுதைப்புலி மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. மலாயாக் காட்டில் அது என்றுமே இருந்ததில்லை. பள்ளியில் மலாய்ப் பாடம் படிக்கும் பிள்ளைகள் ‘டுபுக்’ என்று சொன்னால் அது இந்த இனத்தைத்தான் குறிக்கும். பெயர் இருக்கிறது, பிராணி இங்கே இல்லை. ஆனாலும் அதைப்பற்றி நாம் தெரிந்துகொள்வதில் நமக்கு ஒரு பயன் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோற்றம் எப்படி?

தோள் வரை உயரம் இரண்டிலிருந்து இரண்டரை அடி. எடை 26 கிலோவிலிருந்து 41 கிலோ வரை. தோட்டத்து உர மூட்டை 50 கிலோ அல்லவா, அதைவிடக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சாம்பல் நிறம் அல்லது வைக்கோல் நிறம். விலாவில் கறுப்பு வரிகள் மேலிருந்து கீழாக இறங்கும். கால்களிலும் வரிகள் உண்டு. தொண்டையில் கறுப்புத் திட்டு ஒன்று. காதுகள் பெரியவை, கூர்மையானவை. வால் புசுபுசுவென்று இருக்கும்.

முன்னங்கால்கள் நீளம், பின்னங்கால்கள் குட்டை. அதனால் முதுகு தோளிலிருந்து வாலை நோக்கிச் சரிந்து இறங்கும். நடக்கும்போது நொண்டுவது போலத் தெரியும். பிடரியிலிருந்து வால் வரை நீண்ட மயிர் உண்டு. ஆபத்து வந்தால் அந்த மயிரைச் சிலிர்த்து நிறுத்திக்கொள்ளும். அப்போது அது இருந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். எதிரி பயந்து போகட்டும் என்பதுதான் காரணம்.

காதைப் பார்த்துக் கழுதை என்றார்கள்; வரியைப் பார்த்துப் புலி என்றார்கள். கன்னடத்திலும் இதன் பெயரில் கழுதை சேர்ந்தே வருகிறது. பார்வைக்கு நாய் போல இருக்கிறது என்பவர்களும் உண்டு. உண்மை என்ன தெரியுமா? விலங்கியல் அறிஞர்கள் இதைப் பூனை, கீரி ஆகியவற்றின் பக்கத்து உறவாகச் சேர்த்திருக்கிறார்கள். கழுதையும் அல்ல, புலியும் அல்ல, நாயும் அல்ல. அதற்கென்று தனிக் குடும்பம் உண்டு. அந்தக் குடும்பத்தில் இன்று உலகில் இருப்பவை நான்கே வகை. புள்ளிக் கழுதைப்புலி, பழுப்புக் கழுதைப்புலி, கறையான் தின்னும் ஒரு சிறிய வகை ஆகிய மூன்றும் ஆப்பிரிக்காவில் மட்டுமே வாழ்கின்றன. நான்காவதான வரிக் கழுதைப்புலி மட்டும்தான் ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாடுகள், ஈரான் வழியாக இந்தியா வரை பரவியிருக்கிறது.

எங்கே வாழ்கிறது?

மழைக்காடு இதற்குப் பிடிக்காது. முள்காடு, பாறைக் குன்று, வறண்ட பள்ளத்தாக்கு, புதர் மண்டிய மேட்டுநிலம், இவையே இதன் வீடு. வடக்கே ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் இது உண்டு. தமிழ்நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி மலையின் கிழக்குச் சரிவில் இறங்க வேண்டும். மேலே உதகமண்டலம் குளிரில் நனைந்துகொண்டிருக்கும். கீழே மசினகுடி, சிகூர்ப் பீடபூமி மழை மறைவுப் பகுதி. முள்ளும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கும். அங்கிருந்து மாயாறு ஆழமான பள்ளத்தாக்கின் வழியே ஓடி, பவானிசாகரில் பவானி ஆற்றோடு சேர்கிறது. இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கும் அதை அடுத்த சத்தியமங்கலம் காடும் கழுதைப்புலிக்குப் பெயர் பெற்றவை. முதுமலை 1940-ல் வனவிலங்குச் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமானது. சத்தியமங்கலம் 2013-ல் புலிகள் காப்பகமானது. புலிக்காக ஒதுக்கிய காட்டில் கழுதைப்புலிக்கும் ஒதுங்க இடம் கிடைத்தது.

பகலெல்லாம் பாறை இடுக்கிலோ குகையிலோ மண் வளையிலோ படுத்திருக்கும். முள்ளம்பன்றி தோண்டிவிட்டுப் போன வளையையும் எடுத்துக்கொள்ளும். பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும், விடிவதற்குள் திரும்பிவிடும். அதனால்தான் காட்டோரக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட இதைப் பார்ப்பது அபூர்வம்.

இரவு வேலைக்காரன்

உணவைத் தேடும்போது கழுதைப்புலி பெரும்பாலும் தனியாகவே போகும். ஓர் இரவில் வெகு தூரம் நடக்கும். ஹான்ஸ் குரூக் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சமவெளியில் இவற்றைக் கண்காணித்து 1976-ல் எழுதினார். அவர் கணக்கில் ஒரு பெண் கழுதைப்புலி 44 சதுர கிலோமீட்டர் பரப்பிலும், ஓர் ஆண் 72 சதுர கிலோமீட்டர் பரப்பிலும் சுற்றி வந்தன. நமக்குப் பழக்கமான ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 11,000 ஏக்கர், 18,000 ஏக்கர்! பல தோட்டங்களை ஒன்றாகச் சேர்த்தால்தான் அத்தனை நிலம் வரும்.

எதற்காக இத்தனை நடை? செத்துக் கிடக்கும் பிராணியைத் தேடித்தான். புலியோ சிறுத்தையோ தின்றுவிட்டுப் போன மிச்சம், நோயில் விழுந்த மாடு, ஊருக்கு வெளியே எறிந்த எலும்பு, இவையே இதன் முதல் உணவு. மற்றப் பிராணிகள் விட்டுச் செல்லும் பெரிய எலும்பையும் இது பல்லால் உடைத்துத் தின்றுவிடும். வயிற்றிலுள்ள அமிலம் எலும்பையும் கரைத்துவிடுகிறது. அதனால் இதன் எச்சம் காய்ந்ததும் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். காட்டில் வெள்ளை எச்சத்தைப் பார்த்தே இது வந்து போனதை வனக் காவலர்கள் கண்டுகொள்வார்கள். இதுவன்றிப் பழம், வண்டு, பல்லி, எலி எல்லாம் தின்னும். சமயத்தில் ஆட்டுக்குட்டியையும் நாயையும் பிடிப்பதுண்டு. அதை மறைத்துச் சொல்லக்கூடாது.

எலும்பைத் தின்பது மட்டுமல்ல, வளைக்கும் சுமந்து போகும். சவூதி அரேபியாவில் உம் ஜிர்சான் என்ற எரிமலைக் குகை இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்து கிடந்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள், அவற்றைச் சேர்த்தவை வரிக் கழுதைப்புலிகளே என்று 2021-ல் எழுதினார்கள். ஒட்டகம், குதிரை, ஆடு, மாடு என்று அந்த நாட்டின் பழைய காலம் முழுவதையும் அவை அறியாமலே பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றன.

இதற்கு ஒரு கடிதப் போக்குவரத்தும் உண்டு. வாலடியிலுள்ள பையிலிருந்து பசை போன்ற ஒரு வாசனைப் பொருளைப் புல் தண்டில் தடவிவிட்டுப் போகும். பின்னால் வரும் இன்னொரு கழுதைப்புலி அதை முகர்ந்து, வந்தது யார் என்று அறிந்துகொள்ளும். பிரட்டுக் களத்தில் பெயர் பதிவது போலத்தான்!

நாய்கள் சூழ்ந்து கடிக்க வந்தால் இது எப்போதும் எதிர்த்து நிற்பதில்லை. சில சமயம் செத்தது போல விழுந்து கிடக்கும். நாய்கள் அசந்து விலகியதும் எழுந்து ஓட்டம் எடுக்கும். சாமர்த்தியம் பார்த்தீர்களா?

குடும்பம்

மூன்று மாதம் சுமந்து ஒன்றிலிருந்து நான்கு குட்டி வரை ஈனும். குட்டிகள் கண் திறக்காமல் பிறக்கும். ஒரு வாரம் கழித்தே கண் விழிக்கும். ஒரு மாதம் ஆனதும் வளைக்குள் வரும் இறைச்சியைத் தின்னத் தொடங்கினாலும், பல மாதங்கள் தாய்ப்பாலையும் குடிக்கும். வெளியே கிடைத்ததைப் பெரியவை வாயில் கவ்விக் குட்டிகளுக்குக் கொண்டுவந்து போடும். அசிங்கம் என்று நாம் முகம் சுளிக்கும் அந்த எலும்புத் துண்டு, குட்டிக்கு அன்றைய சாப்பாடு.

ஏன் இந்தப் பழி?

கழுதைப்புலியைப் புகழ்ந்து பேசுபவர் யாரும் இல்லை. பிணம் தின்னி, சுடுகாட்டுப் பிராணி, சூனியக்காரரின் துணை என்றெல்லாம் பல நாட்டு மக்கள் ஏசுவார்கள். குழந்தையைத் தூக்கியதாக வெள்ளைக்காரர் காலத்து ஏடுகளில் குறிப்புகள் உண்டு. ஆனால் பொதுவாக மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் சுபாவம் இதற்கு.

இதற்கு வரும் பெரிய ஆபத்து துப்பாக்கியைவிட விஷத்தால்தான். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துப் போட்டால், மாட்டுக்காரர் ஆத்திரத்தில் அந்த உடலில் பூச்சிமருந்தைத் தடவிவிடுவதுண்டு. புலி திரும்பி வருகிறதோ இல்லையோ, கழுதைப்புலி வந்து தின்னும், நரி தின்னும், கழுகு தின்னும். குற்றம் செய்தது ஒன்று, சாவது மற்றொன்று!

பிணந்தின்னிக் கழுகுகளின் கதையை இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவில் 1990-களிலிருந்து அவை கொத்துக் கொத்தாகச் செத்தன. சில வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்துதான் காரணம் என்று 2004-ல் தெரியவந்தது. மருந்து உடலிலிருந்த நிலையில் செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதானது. 2006-ல் இந்திய அரசு கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் ஊர்ப்புறங்களில் மாட்டின் உடல்கள் அழுகிக் கிடந்தன. அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடிப் பயமும் கூடியது. துப்புரவு செய்பவன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கழுகுகள் கூடு கட்டுகின்றன. கழுகும் கழுதைப்புலியும் அங்கே ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்கின்றன: ஒன்றுக்குப் பகல், மற்றொன்றுக்கு இரவு.

இன்று உலகம் முழுவதிலும் வளர்ந்த வரிக் கழுதைப்புலிகள் 10,000-க்கும் குறைவு என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. ஆனால் கல் உடைக்கும் குவாரியும் சாலையும் வந்துவிட்டால் குன்றும் வளையும் போய்விடும். இருந்த இடம் கைவிட்டுப் போவது என்றால் என்ன என்று டெங்கில் வட்டாரத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. புத்ராஜெயா நகரம் எழுந்தபோது பெராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டி இங்கே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. மனிதனுக்கு வாய் இருக்கிறது; மனு எழுதலாம், கூட்டம் போடலாம். வாயில்லாப் பிராணி என்ன செய்யும்?

நமக்கு என்ன?

இங்கே கழுதைப்புலி இல்லை என்றாலும் அதன் வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்துக் கால்வாயில் நீந்துமே பியாவாக், அது செத்த மீனையும் அழுகிய இறைச்சியையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக்குகிறது. பார்த்தவுடன் கல்லெடுத்து எறியாதீர்கள்.

அடுத்து, செம்பனைக் காட்டில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, வெள்ளை முகம் கொண்ட கூகை. அது அலறினால் சாவு வரும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். கழுதைப்புலிக்கு வந்த அதே பழி! ஆனால் ஒரு ஜோடிக் கூகையும் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்கின்றன. செம்பனைக் குலையைக் கடித்து நாசமாக்கும் எலியைக் கூலி வாங்காமல் பிடித்துத் தருகிற காவலாளி அது. எலி விஷத்தைத் தின்று தள்ளாடும் எலியைக் கூகை பிடித்தால் விஷம் கூகைக்கும் ஏறும். மாயாற்றில் மாட்டின் உடலில் தடவிய விஷமும், இங்கே எலிக்கு வைக்கும் விஷமும் ஒரே பாதையில்தான் போகின்றன.

ஆகையால், பெற்றோர்களே, வீட்டில் எலி மருந்து வைத்தால் செத்த எலியை வெளியே வீசிவிடாதீர்கள். வெறுங்கையால் தொடாமல் எடுத்து ஆழமாகப் புதையுங்கள். கோழி திருட வரும் பிராணிக்காக இறைச்சியில் பூச்சிமருந்து கலந்து வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அதைப் பக்கத்து வீட்டு நாயும் தின்னும். தவழும் குழந்தையும் எடுத்து வாயில் வைக்கும். கோழிக்கு நல்ல கூண்டு கட்டுவதே வழி.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் யாரையாவது கேலி செய்ய ‘கழுதைப்புலி’ என்று பட்டப்பெயர் வைக்காதீர்கள். பிறர் விட்டுச் சென்ற அழுக்கை இரவோடு இரவாகச் சுத்தம் செய்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போகும் பிராணி அது. நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் விடியுமுன் எழுந்து கால்வாயும் குப்பைத் தொட்டியும் கழுவி வாழ்ந்தவர்கள் நம் இனத்திலும் எத்தனையோ பேர். அவர்கள் உழைப்பால்தான் மற்றவர்கள் நோயில்லாமல் இருந்தார்கள். சுத்தம் செய்பவரை இழிவாகப் பேசும் வாய் நம் வீட்டில் இருக்க வேண்டாம்.