லூனா வீழ்ச்சியும் வணிகர்களின் நம்பிக்கையும்

கிரிப்டோ சந்தை சரியும்போது, "இது தற்காலிகம்தான், விலை மீண்டும் ஏறும்" என்று வணிகர்கள் நட்டத்தை ஏற்க மறுப்பது வழக்கம். 2022 மே மாதம் டெர்ரா வலையமைப்பின் லூனா நாணயம் சரிந்தபோது இந்தப் போக்கு வெளிப்படையாகத் தெரிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சுமார் 119 டாலருக்கு விற்ற லூனா, மே 13க்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது.

டெர்ராவின் இன்னொரு நாணயம் யூஎஸ்டி. இதன் மதிப்பு எப்போதும் 1 டாலராக நிற்க வேண்டும். ஒரு யூஎஸ்டியைக் கொடுத்தால் 1 டாலர் பெறுமான லூனா புதிதாக உருவாக்கித் தரப்படும் என்பதே அதற்கான ஏற்பாடு. யூஎஸ்டியை ஆங்கர் என்ற தளத்தில் போட்டு வைத்தவர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வட்டி கிடைத்தது. ஐயம் எழுப்பியிருக்க வேண்டிய வட்டி அது.

வணிகர்களின் நம்பிக்கைக்கு ஒரு முன்கதை உண்டு. 2021 மே மாதத்திலும் யூஎஸ்டி 1 டாலரிலிருந்து நழுவி, பிறகு மீண்டது. ஏற்பாடு தானாகவே வேலை செய்தது என்று நிறுவனம் சொன்னது. உண்மையில் ஒரு வர்த்தக நிறுவனம் இரகசியமாகப் பெருமளவு யூஎஸ்டி வாங்கியே விலையைத் தூக்கியது என்று 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் தொடுத்த வழக்கு கூறியது. 2022இல் காத்திருந்த பலர் இந்தப் பொய்யான அனுபவத்தை நம்பியே காத்திருந்தனர்.

நட்டத்தில் உள்ளதை விற்கத் தயங்கும் மனப்பாங்கை ஷெஃப்ரின், ஸ்டாட்மன் ஆகியோர் 1985இலேயே பங்குச் சந்தையில் சுட்டிக்காட்டினர். விற்காதவரை நட்டம் "தாளில்தான்" இருக்கிறது என்று மனம் ஆறுதல் தேடும். லூனாவில் பலர் ஒரு படி மேலே போய், விலை இறங்க இறங்க வாங்கி "ஆவரேஜ்" செய்தனர். 119 டாலருக்கு விற்றது சில காசுக்குக் கிடைக்கிறதே என்ற கணக்கு!

அந்தக் கணக்கில் நாணயங்களின் எண்ணிக்கை விடுபட்டுப்போனது. யூஎஸ்டியைக் கைவிட்டவர்களுக்கெல்லாம் லூனா உருவாக்கித் தரப்பட்டதால், சுமார் 35 கோடியாக இருந்த லூனாக்கள் சில நாள்களில் 6.5 லட்சம் கோடியாகப் பெருகின. உச்சத்தில் இருந்த மொத்த மதிப்பு முழுவதும் திரும்பியிருந்தாலும் ஒரு லூனாவின் விலை ஒரு சென்ட்டை எட்டியிருக்காது.

மே இறுதியில் புதிய லூனா வெளியிடப்பட்டது. பழையது லூனா கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்து கைமாறியது.