இசைவும் இணக்கமும்

பெற்றோர் மனம் வேறுபட்டுப் பிரியுங்கால், அதன் சுமையைப் பெரிதும் தாங்குவது குழந்தையே. அவருள் ஒருவர், மற்றவர் அறியாவண்ணம் குழந்தையை வேற்று நாட்டிற்குக் கொண்டு சென்றுவிடின், அத்துயரம் இருமடங்காகும். பழகிய வீடும் பள்ளியும் தோழரும் ஒரே நாளில் அக்குழந்தைக்கு அயலாகிவிடுகின்றன அல்லவா?

இத்தீங்கைக் களைதற்பொருட்டு, நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் 1980ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றுள்ளன. இந்தியா அதில் சேரவில்லை. தவறாகக் கொண்டு செல்லப்பட்ட, 16 வயது நிரம்பாத குழந்தையை, அது வாழ்ந்துவந்த நாட்டிற்கே விரைவில் திருப்பியனுப்புதல் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. குழந்தை யாரிடம் வளர்தல் வேண்டும் என்பதை அந்நாட்டு நீதிமன்றமே ஆராய்ந்து முடிவு செய்யும்.

விதி உண்டாயின் விலக்கும் உண்டு. குழந்தையைப் பிரிந்தவர் அப்பயணத்திற்கு முன்னரே உடன்பட்டிருப்பின் அஃது இசைவு. நிகழ்ந்த பின்னர் ஏற்றுக்கொண்டிருப்பின் அஃது இணக்கம். இவ்விரண்டையும் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு கூறுகிறது. இவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு, குழந்தையைத் திருப்பியனுப்ப மறுப்பவரையே சாரும். விடுமுறைக்குப் பாட்டியார் வீடு சென்றுவர இசைந்தவர், குழந்தை அங்கேயே நிலையாகத் தங்க இசைந்தவர் ஆகார்.

இணக்கத்தை அறிவது எளிதன்று. இஸ்ரேல் நாட்டிலிருந்து தாய் ஒருவர் தம் மக்களை இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றார். சமயப் பற்று மிக்க தந்தையோ முதலில் தம் சமய நீதிமன்றத்தையே நாடினார். சில மாதங்கள் கழித்தே உடன்படிக்கையின்வழி முறையிட்டார். அத்தாமதமே இணக்கம் என்று தாயின் தரப்பினர் வாதிட்டனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆயினும் 1997ஆம் ஆண்டு பிரிட்டனின் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றி, மக்களைத் திருப்பியனுப்பப் பணித்தது. ஒருவர் உண்மையில் மனத்தால் இணங்கினாரா என்பதே வினா என்று அச்சபை தெளிவுறுத்தியது. எனினும், ஐயத்திற்கு இடமின்றித் தம் சொல்லாலோ செயலாலோ மற்றவரை நம்பச் செய்தவர், பின்னர் 'யான் இணங்கவில்லை' என்று கூறுதல் நீதியாகாது என்றும் வரையறுத்தது.

இசைவோ இணக்கமோ மெய்ப்பிக்கப்பட்டாலும் வழக்கு அத்துடன் முடிந்துவிடாது. குழந்தையைத் திருப்பியனுப்புவதா, நிறுத்திக்கொள்வதா என்பதை நீதிபதி அப்போதும் எண்ணிப் பார்த்தே முடிவு செய்வார்.

துயரத்தால் வாயடைத்திருப்பவரும் உளர். அமைதியாகப் பேசித் தீர்க்க முயல்பவரும் உளர். அவர்தம் பொறுமையை உரிமை துறந்ததாகக் கொள்ளுதல் தகாது. மௌனம் எப்பொழுதும் சம்மதம் ஆகாது என்பதே இச்சட்டம் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.