டிஸ்க்கா, டிஜிட்டலா? காசு கொடுத்து வாங்கிய படம் உங்களுக்கே சொந்தமா?

தஞ்சை மாவட்டம் திருவையாற்றில் பிறந்த டி.பி.ராஜலட்சுமி நாயகியாக நடித்த 'காளிதாஸ்' 1931-ல் வெளியான முதல் தமிழ் பேசும் படம். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை.

சரி, இப்போ ஆன்லைனில் வாங்கும் படமும் கேமும் பத்திரமா?

பெரும்பாலும் நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. நிறுவனம் நீக்கினாலோ, கணக்கு முடங்கினாலோ அதுவும் போச்சு! இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லித்தான் விற்கணும் என அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமே அமலில் இருக்கிறது.

டிஸ்க் என்றால்?

படம் பார்க்க நெட் வேண்டாம். நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். ஆனால் கீறல் விழும், பிளேயரும் வேணும். சில கேம் டிஸ்க்குகளில் முழு கேம் இருக்காது; மீதியை டவுன்லோடு செய்யணும்.

எதை வாங்கலாம்?

ஒருமுறை பார்க்க டிஜிட்டல் போதும். பிள்ளைகளுக்கும் காட்ட நினைக்கும் படம் என்றால், டிஸ்க் கிடைக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.