ஒரு கல்லூரியில் பாடப்பிரிவை மூடுவது யார்? எப்படி முடிவு செய்கிறார்கள்? திருக்காட்டுப்பள்ளியை வைத்து ஒரு விளக்கம்

60 இடங்கள் உள்ள ஒரு பட்டப்படிப்பில் 18 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பாடப்பிரிவை அடுத்த வருஷமும் நடத்தணுமா, நிறுத்தணுமா?

மாணவர் சேர்க்கை முடிந்ததும் பல கல்லூரிகளில் எழுகிற கேள்வி இது. பெரிய நகரமென்றால் ஒரு கல்லூரியில் மூடினாலும் பக்கத்துக் கல்லூரியில் அதே படிப்பு இருக்கும். காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளி போன்ற ஊரில் அப்படி இல்லை.

தஞ்சாவூர் மாவட்டம் திருக்காட்டுப்பள்ளிக்கு 2022-ல்தான் அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரி வந்தது. மணப்பாறை, செஞ்சி, தளி, திருமயம், அந்தியூர், அரவக்குறிச்சி, வடலூர் என்று அந்த ஆண்டு ஒரே நேரத்தில் தொடங்கப்பட்ட 10 கல்லூரிகளில் இதுவும் ஒன்று. அங்கே எந்தப் பாடத்தையும் மூடப்போகிறார்கள் என்ற செய்தி அல்ல இது. ஆனால் இப்படிப் புதிதாக வந்த சின்னக் கல்லூரிகளில், மூடுவது என்ற முடிவு எப்படி எடுக்கப்படும் என்று மாணவர்களும் பெற்றோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் எதைப் பார்க்கிறார்கள்?

எண்ணிக்கையைத்தான். அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, சேர்ந்தவர்கள் எத்தனை பேர், மூன்றாம் ஆண்டு வரை தாக்குப்பிடித்தவர்கள் எத்தனை பேர், தேர்ச்சி எவ்வளவு என்று பார்ப்பார்கள். நாக் தர மதிப்பீட்டிலும் சேர்க்கை சதவீதத்துக்கு மதிப்பெண் உண்டு. அதனால் காலி இடம் என்பது கல்லூரியின் தர மதிப்பீட்டையும் பாதிக்கும்.

அடுத்து ஆசிரியர் கணக்கு. யுஜிசியின் 2018 விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் எடுக்க வேண்டும். ஒரு பட்டப்படிப்பில் தமிழ், ஆங்கிலம் போக, மூன்று ஆண்டு வகுப்புகளுக்கும் சேர்த்து அந்தத் துறை ஆசிரியர்கள் எடுக்க வேண்டியது வாரம் 50 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 16-ஆல் வகுத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆக, நாலு பேர் வேண்டும்.

வகுப்பில் 60 பேர் உட்கார்ந்தாலும் 18 பேர் உட்கார்ந்தாலும் அந்த நாலு பேர் வேண்டும். நிர்வாகத்தின் கண்ணை உறுத்துவது இந்தக் கணக்குதான்.

மூடினால் உண்மையிலேயே செலவு மிச்சமா?

நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு பாடப்பிரிவை ஒரே நாளில் இழுத்து மூட முடியாது. முதலாம் ஆண்டு சேர்க்கையை மட்டும்தான் நிறுத்துவார்கள். ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் படித்து முடிக்கும் வரை வகுப்பு நடந்தாக வேண்டும். அரியர் வைத்திருப்பவர்களுக்கு அதற்குப் பிறகும் தேர்வு நடத்த வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. பி.எஸ்சி கணிதத்தை மூடினால் கணித ஆசிரியர்கள் வேண்டாமா? இயற்பியல், கணினி அறிவியல் மாணவர்களுக்குத் துணைப் பாடமாகக் கணிதம் எடுக்க ஆள் வேண்டுமே! ஒரு துறையைத் தனியாகப் பிரித்து 'இது நஷ்டம்' என்று எழுதுவது காகிதத்தில் எளிது. கல்லூரிக்குள் ஒரு துறை இன்னொரு துறையோடு பின்னிக் கிடக்கிறது.

அரசுக் கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியர் என்றால் வேறு ஊருக்கு மாற்றல் கிடைக்கும். முதல் அடி விழுவது தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்குத்தான்.

முடிவெடுப்பது யார்?

கல்லூரி முதல்வர் தனியாக முடிவெடுக்க முடியாது. அரசுக் கல்லூரியில் துறைத் தலைவரிடமிருந்து முதல்வருக்கு, அங்கிருந்து மண்டல இணை இயக்குநருக்கு, பிறகு சென்னையில் உள்ள கல்லூரிக் கல்வி தலைமையகத்துக்கு என்று கோப்பு நகரும். கடைசியில் உயர்கல்வித் துறை அனுமதிக்க வேண்டும். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம் என்பதால் அங்கேயும் இணைவிப்பு தொடர்பான நடைமுறை உண்டு. தஞ்சை வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அது திருச்சியில் இருக்கும் பாரதிதாசன் பல்கலைக்கழகம்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு என்று உள்ளேயே அடுக்குகள் இருக்கின்றன. பொறியியல் என்றால் ஏஐசிடிஇ ஒப்புதல் வேண்டும். 2024-25 முதல் நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. சிவில், மெக்கானிக்கலைக் குறைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டுவது தனியார் கல்லூரிகளுக்கு இதனால் இன்னும் சுலபமானது.

2023-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்தது என்ன?

எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது.

2010-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் படிப்புகள் தமிழ் வழியில் தொடங்கப்பட்டன. 2023 மே மாதம், 11 உறுப்புக் கல்லூரிகளில் இந்தத் தமிழ் வழிப் பிரிவுகளுக்கு இனி சேர்க்கை இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. சொன்ன காரணம், சேர்க்கை மிகக் குறைவு. உடனே எதிர்ப்பு கிளம்பியது. அறிவிப்பு வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது.

மாணவர்கள் குறைவாகச் சேர்ந்தார்கள் என்பதை எதிர்த்தவர்களும் மறுக்கவில்லை. அப்புறம் என்ன பிரச்சினை?

தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். அதாவது, பொறியியல் பட்டம் கேட்கும் அரசு வேலைக்கு இந்த ஒதுக்கீட்டில் போக வேண்டுமென்றால் தமிழ் வழி பொறியியல் இருந்தாக வேண்டும். பிரிவை மூடினால் அந்தக் கதவும் மூடிவிடும். காலி இடங்களை எண்ணும்போது இது எந்தக் கட்டத்திலும் வராது.

ஏன் சேரவில்லை என்ற கேள்வியும் அப்படித்தான். மாணவருக்கு விருப்பம் இல்லையா, படிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையா, படித்தவருக்கு வேலை கிடைக்கவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அறிவியல் படிப்புகளில் சேர்ந்துவிட்டு, பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் கிளம்பிப்போகிற மாணவர்களும் உண்டு. அந்தக் காலி இடத்தைப் பார்த்து 'இயற்பியலுக்கு மவுசு இல்லை' என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று சொல்லப்படுபவை, குறைந்த கட்டணத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் படிக்க வைக்கிற இரண்டாண்டுக் கல்லூரிகள். கலிஃபோர்னியாவில் இந்தக் கல்லூரிகளின் நிர்வாகக் குழுக்கள், ஒரு படிப்பை எந்த முறையில் நிறுத்துவது என்ற கொள்கையை வகுத்து வைத்திருக்க வேண்டும் என்பது மாநில விதி. அதாவது வெட்டு வருவதற்கு முன்பே வெட்டும் முறை எழுத்தில் இருக்கும்.

தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு தருவது 1976-ம் ஆண்டு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். கல்லூரியையோ ஒரு பாடப்பிரிவையோ மூடுவதாக இருந்தால் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்து, படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு மாற்று ஏற்பாடும் செய்ய வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளி மாணவருக்கு என்ன இழப்பு?

உள்ளூரில் ஒரு படிப்பு இல்லையென்றால் அடுத்து தஞ்சாவூர்தான். அங்கே மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி, பெண்களுக்குக் குந்தவை நாச்சியார் அரசுக் கல்லூரி இருக்கின்றன. போக 25 கிலோமீட்டர், வர 25 கிலோமீட்டர். மகளிருக்கு சாதாரணப் பேருந்தில் கட்டணம் கிடையாது, மாணவர்களுக்கு பஸ் பாஸ் இருக்கு, புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருது. அதனால் காசு பெரிய தடை இல்லை. தடையாக இருப்பது நேரம்தான். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போச்சு. சாயங்காலம் இருட்டி வீடு திரும்பணும் என்றால், 'வேண்டாம், உள்ளூரில் இருக்கிற படிப்பையே படி' என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பெண் பிள்ளைகளிடம் அதைச் சொல்வது இன்னும் சுலபம்.

சேரும் முன் என்ன கேட்கலாம்?

விரும்பும் பிரிவில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுக் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சேர்க்கை நிறுத்தப்பட்ட பிரிவு என்றால், எந்த அரசாணையின்படி, என்ன காரணத்துக்காக என்ற விவரத்தின் நகலையும் அதே மனுவில் கேட்கலாம்.