சக் சாவியும் கண்கட்டும்

பெங்களூரில், மல்லேஸ்வரம் ராஜாஜி நகரைத் தொடும் மேற்கு ஓரத்தில் 32 மாடி உலக வர்த்தக மையம் நிற்கிறது. 2010-ல் திறந்த கட்டடம். அதற்கு முன் அந்த மண்ணில் இருந்தது கிர்லோஸ்கர் தொழிற்சாலை. 1936-ல் தொடங்கிய மைசூர் லேம்ப்ஸ் பல்புத் தொழிற்சாலையும் மல்லேஸ்வரத்தில்தான். அது மூடி வருஷக்கணக்காகிறது. ஷிப்டுச் சங்கு கேட்டு எழுந்த பேட்டை இன்று கழுத்தில் அடையாள அட்டை தொங்க வேலைக்குப் போகிறது.

என் பெரியப்பா இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டியவர். பாதுகாப்புப் பயிற்சி என்ற சொல்லையே அவர் கேட்டிருக்க மாட்டார். மேஸ்திரி பக்கத்தில் நின்று கற்றார், அவ்வளவுதான். முதல் பாடம் சக் சாவி. இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்குகிற அந்தச் சாவி உள்ளே செருகியிருக்கும்வரை, கை அதை விட்டு வரக் கூடாது. சாவியை மறந்து சுவிட்சைப் போட்டால் அது சுழன்று தெறித்து எதிரே நிற்பவர் முகத்தில் பாயும். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு பீடி பற்றவைக்கப் போகிற பையனின் மணிக்கட்டில் மேஸ்திரியின் மர ஸ்கேல் விழும். பணி ஓய்வுக்குப் பிறகும், வீட்டுப் பூட்டைத் திறந்த உடனே பெரியப்பா சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். கையில் ஊறிய பாடம்.

அடித்துச் சொல்லித்தந்த அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. மேஸ்திரிக்குத் தெரியாதது பட்டறையில் யாருக்கும் தெரியாது. ஒரு பையன் ஓடுகிற லேத்தைக் காட்டன் வேஸ்ட்டால் துடைக்கப் போய் இரண்டு விரல் நுனியை இழந்தான். "அவனுக்கு நேரம் சரியில்லை" என்றார்கள். பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். மறுநாள் அதே காட்டன் வேஸ்ட், அதே லேத்.

பெரிய தொழிற்சாலைகளில் மார்ச் 4 என்று ஒரு நாள் இருந்தது. தொழிலிடப் பாதுகாப்புக்கான தேசியக் கவுன்சில் 1966-ல் தொடங்கிய தேதி அது. சட்டையில் பேட்ஜ் குத்துவார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள், வாசகப் போட்டியில் வென்றவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். போபால் விஷவாயு விபத்து நடந்த பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள்; ஆபத்தான தொழில்களில் நிர்வாகத்தினரும் தொழிலாளிகளும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. தொழிலாளியின் கண்ணுக்கும் மதிப்பு உண்டு என்று சட்டம் ஒத்துக்கொள்ள அத்தனை சாவுகள் தேவைப்பட்டன.

பிறகு தொழிற்சாலைகள் போய் அலுவலகங்கள் வந்தன. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலையில் என்ன ஆபத்து என்று எல்லோருமே நினைத்தோம். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. நெருப்பைவிடப் புகைதான் எமனாக வந்தது. மாடிப்படிகளைப் புகை அடைத்துக்கொள்ள, வழி தெரியாமல் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்கள் உண்டு. ஒன்பது பேர் இறந்தார்கள். தினமும் லிஃப்டில் ஏறி இறங்குகிறவருக்குப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாது. இந்த நகரத்து அலுவலக ஊழியர்களில் பாதிப் பேருக்கு இன்றும் தெரியாது என்றே நான் அஞ்சுகிறேன்.

இதற்கு மருந்தாக முதலில் வந்தவை கணினித் திரைப் பாடங்கள். நாற்பது பக்கத்தையும் 'அடுத்து, அடுத்து' என்று தட்டினால் கடைசியில் சான்றிதழ். துலேன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சிகளைப் பற்றிய 95 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொற்பொழிவு, துண்டறிக்கை, வீடியோவைவிட, கையால் செய்துபார்த்துப் பேசிப் பழகும் பயிற்சி, அறிவும் திறமையும் ஏறுவதில் ஏறக்குறைய மூன்று மடங்கு பலன் தருகிறது என்பது அதன் முடிவு. பெரியப்பாவின் மேஸ்திரி இதற்குத் தலையாட்டியிருப்பார்.

இப்போது விளையாட்டுகள் வந்திருக்கின்றன. எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். பரமபத அட்டையில் பாம்புக்குப் பதில் 'ஈரத் தரை', ஏணிக்குப் பதில் 'ஹெல்மெட்' என்று எழுதி ஆடவைக்கிறார்கள். சிரிப்பு வருகிறது, கைதட்டல் விழுகிறது. ஆனால் பாம்பு கடிப்பதும் ஏணி கிடைப்பதும் அங்கே தாயக்கட்டையின் கையில். "நேரம் சரியில்லை" என்ற பழைய பேச்சையே அட்டையில் அச்சடித்துக் கொடுத்த மாதிரி. கண்ணால் பார்த்ததாலோ கையால் செய்ததாலோ ஜெயிக்கிற ஆட்டம்தான் ஆபத்து வரும் நாளில் உதவும்.

தீயணைப்பான் போட்டி அப்படிப்பட்டது. இரண்டு குழுக்கள், தட்டில் சின்ன நெருப்பு. முதல் ஆள் பதறிப்போய்ப் பிடியை அழுத்துவார், ஒன்றும் வராது, பின்னை உருவவில்லை. அடுத்தவர் கொழுந்தின் மேல் அடிப்பார், நெருப்பு அப்படியே இருக்கும். அடியில் அடிக்க வேண்டும். சில நொடிகளில் பொடி தீர்ந்துபோகும். அது எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதையும் உருளையின் கனத்தையும் எந்தத் திரைப் பாடமும் கைக்குச் சொல்லித்தராது.

போன மார்ச்சில் நண்பரின் அலுவலகத்தில் இன்னொன்று பார்த்தேன். ஆறு பேர் கொண்ட குழு, எல்லோருக்கும் கண்கட்டு. புகை என்று பாவித்துக் குனிந்தபடி, வலக்கையைச் சுவரிலிருந்து எடுக்காமல், இடக்கையால் முன்னால் போகிறவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாலாவது மாடியிலிருந்து படிக்கட்டு வழியே தரைக்கு வர வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு காவலாளியோ துப்புரவுப் பணியாளரோ கட்டாயம். இந்த விதிக்காகவே அந்த நிர்வாகியை நான் மதிக்கிறேன். ஒப்பந்த ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் பயிற்சிகளே அதிகம்.

முதல் குழு பம்மிப் பம்மிப் போய் மீட்டிங் அறைக்குள் நுழைந்துவிட்டது. இரண்டாவதில் தருமபுரிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். குழுத் தலைவர் இடப்பக்கம் திரும்பும்போது, "சார், அது பாத்ரூம். கதவு கனமா இருக்கும் பாருங்க, அதுதான் படி" என்றார். அவரை முன்னே விட்டார்கள். எல்லோரும் கீழே வந்து கண்கட்டை அவிழ்த்தபோது, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தினம் துடைக்கிறது நான்தானே. மாடிக்கு இருபத்திரண்டு படி. ரெண்டாவது மாடி திருப்பத்துல நாங்க பக்கெட்டும் மாப்பும் வெச்சிருப்போம். இன்னிக்கு ஆட்டம்னு காலையிலேயே எடுத்துட்டேன்."

நிர்வாகி குறிப்பேட்டைத் திறந்து, பக்கெட் வைக்க வேறு எங்கே இடம் இருக்கிறது என்று அவரிடமே கேட்டார்.